நாலு தந்தி, பாதி விலை

பழைய பேஸ் கிதார் தேடி அலையும் இளைஞர்கள் விலையைத்தான் பேரம் பேசுகிறார்கள். ஆனால் அந்தப் பேரம் லாபமா நஷ்டமா என்பதைத் தீர்மானிப்பது வாத்தியத்தின் கழுத்து.

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 1970களின் தொடக்கத்தில் ஜாக்கோ பஸ்டோரியஸ் என்ற இளைஞர் ஒரு பழைய பேஸ் கிதாரை வாங்கினார். 1962இல் செய்யப்பட்ட ஃபெண்டர் ஜாஸ் பேஸ் அது. தான் கொடுத்த விலை 90 டாலர் என்று பின்னாளில் அவரே சொன்னார். அந்த வாத்தியத்தோடு 1976இல் வெதர் ரிப்போர்ட் குழுவில் சேர்ந்தார். மேடையின் மூலையில் நின்று தாளத்துக்கு ஒத்து ஊதும் வாத்தியம் என்று பேஸ் கிதாருக்கு இருந்த பெயர் அதோடு போயிற்று. அன்றிலிருந்து, செகண்ட் ஹேண்ட் கடைக்குள் நுழையும் பேஸ் பிரியர்களை அந்த 90 டாலர் விடாமல் துரத்துகிறது.

இந்தியாவிலும் இந்தக் கனவுக்குக் குறைவில்லை. கொல்கத்தாவில் லால்பஜாரை ஒட்டிய ரவீந்திர சரணியின் வாத்தியக் கடைகள், ஷில்லாங், ஐஸால் நகரங்களின் தேவாலய இசைக்குழுக்கள், பெங்களூர், புனே கல்லூரி விடுதிகள் என்று பழைய பேஸ் கிதார் கைமாறும் இடங்கள் பல. பெயர் பெற்ற நிறுவனங்களின் ஆரம்ப நிலை பேஸ் கிதார் புதிதாக வாங்கினால் ஏறக்குறைய 15,000 முதல் 25,000 ரூபாய் வரை ஆகிறது. அதுவே பழையது என்றால் பாதி அல்லது மூன்றில் இரண்டு பங்கு விலை. முதல் சம்பளத்தையோ, டியூஷன் எடுத்துச் சேர்த்த பணத்தையோ கையில் வைத்திருப்பவருக்கு இந்த வித்தியாசம் சிறியதல்ல.

தமிழ்க் காதுகளுக்கு பேஸ் கிதார் அந்நியமும் அல்ல. இளையராஜாவின் பாடல்களில் சசிதரனும், ஏ.ஆர். ரஹ்மானின் பாடல்களில் கீத் பீட்டர்ஸும் வாசித்த அடிநாதம்தான் அது. சாதாரண கிதாரின் கடைசி நாலு தந்திகளைவிட ஒரு ஸ்தாயி கீழே ஒலிப்பது. அதன் மிகத் தாழ்ந்த ஸ்வரம் வினாடிக்குச் சுமார் 41 அதிர்வுகள்தான். 1951இல் லியோ ஃபெண்டர் தனது பிரிசிஷன் பேஸை விற்பனைக்குக் கொண்டு வந்தபோது தந்தியின் நீளத்தை 34 அங்குலம் என்று வைத்தார். பெரும்பாலான பேஸ் கிதார்களுக்கு இன்றும் அதுதான் அளவு.

ஏன் மலிவு?

1991க்கு முன்பு வெளிநாட்டு கிதார் என்பது கப்பலில் வேலை பார்த்தவரோ, ஊர் திரும்பிய உறவினரோ கொண்டு வந்தால்தான் உண்டு. மற்றவர்கள் கிவ்சன், ஹோப்னர் போன்ற கொல்கத்தாத் தயாரிப்புகளோடு திருப்தி அடைந்தார்கள். பொருளாதாரக் கதவுகள் திறந்த பிறகு இந்தோனேசியா, சீனத் தொழிற்சாலைகளில் செய்த வாத்தியங்கள் கடைக்கு வந்தன. வாங்கியவர்கள் பெருகினார்கள். சில ஆண்டுகளில் விற்பவர்களும் பெருகினார்கள்.

பேஸ் கிதார் சீக்கிரம் விற்பனைக்கு வருவதற்குத் தனிக் காரணம் இருக்கிறது. சாதாரண கிதாரை வைத்துக்கொண்டு ஒருவர் தனியாகப் பாடலாம், விருந்தாளிகளை அசத்தலாம். பேஸ் கிதாருக்குக் கூட்டாளிகள் வேண்டும். கல்லூரி முடிந்து டிரம்மர் ஒரு ஊருக்கும் பாடகர் இன்னொரு ஊருக்கும் வேலைக்குப் போய்விட்டால், பேஸ் கிதார் பரணுக்குப் போகிறது. வாங்க வருபவர்களும் குறைவு. ஒரு குழுவில் கிதார் வாசிக்க இரண்டு பேர் போட்டி போடும்போது, பேஸுக்கு ஒருவரைத் தேட வேண்டியிருக்கிறது. எனவே பேரத்தில் வாங்குபவரின் கையே ஓங்கியிருக்கும்.

கழுத்தே பிரதானம்

ஓங்கிய கை ஏமாறும் இடமும் உண்டு. இறுக்கிக் கட்டிய நாலு தந்திகளும் சேர்ந்து கழுத்தைச் சுமார் 70 முதல் 80 கிலோ விசையுடன் இழுக்கின்றன. கிட்டத்தட்ட ஒரு ஆளின் எடை. அதை எதிர்த்து நிற்பதற்காகக் கழுத்துக்குள் ட்ரஸ் ராட் என்ற எஃகுக் கம்பி ஓடுகிறது. மழைக்காலத்தில் மரம் ஈரம் குடித்து உப்புகிறது, ஏர்கண்டிஷன் அறையில் சுருங்குகிறது. பல ஆண்டு பரணில் கிடந்த வாத்தியத்தின் கழுத்து வளைந்திருந்தால் ஆச்சரியமில்லை.

சோதனை எளிது. பலகை வாங்கும் தச்சர் ஒற்றைக் கண்ணை மூடிப் பார்ப்பதுபோல, தலைப்பகுதியிலிருந்து கழுத்தின் நீளத்தைப் பார்க்க வேண்டும். முறுக்கிக்கொண்டிருந்தால் அங்கேயே நன்றி சொல்லிவிட்டு வெளியே வரலாம். நேராகத் தெரிந்தால் அடுத்த சோதனை: வீணையில் மெட்டு என்கிறோமே, அதுபோன்ற உலோகக் கட்டைகள் கழுத்தில் பதிந்திருக்கும். முதல் மெட்டிலும் கடைசி மெட்டிலும் ஒரே தந்தியை அழுத்திப் பிடித்தால், நடுவில் ஏழாவது, எட்டாவது மெட்டுகளின் மேல் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவுக்கு இடைவெளி தெரிய வேண்டும். இடைவெளி அதிகம் என்றால் கழுத்து முன்னால் வளைந்திருக்கிறது. இடைவெளியே இல்லையென்றால் பின்னால் வளைந்திருக்கலாம். ட்ரஸ் ராடின் திருகை ஆலன் சாவியால் கால் சுற்று திருப்பினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஏற்கெனவே முழுவதும் இறுக்கிய திருகோடு கழுத்து இன்னமும் வளைந்திருந்தால் அது வேண்டாத சரக்கு.

பிறகு ஒவ்வொரு தந்தியையும் ஒவ்வொரு மெட்டிலும் வாசித்துப் பார்க்க வேண்டும். பத்து நிமிட வேலைதான். ஓரிடத்தில் மட்டும் கரகரவென்று ஒலித்தால் அங்கே மெட்டு தேய்ந்திருக்கிறது அல்லது தூக்கிக்கொண்டிருக்கிறது. பன்னிரண்டாவது மெட்டில் தந்தியை லேசாகத் தொட்டு எழுப்பும் ஒலியும், அழுத்தி வாசிக்கும் ஒலியும் ஒரே சுருதியில் இருக்க வேண்டும். கொஞ்சம் விலகியிருந்தால் பிரிட்ஜில் திருகி நேராக்கலாம். திருக இடமே மிச்சமில்லை என்றால் யோசிக்க வேண்டும்.

கண்ணை உறுத்தும் பல குறைகள் உண்மையில் அற்பமானவை. வால்யூம் குமிழைத் திருகும்போது பொறிவது, ஒயர் செருகும் துளை ஆடுவது, பெயிண்ட் உதிர்ந்திருப்பது எல்லாம் சில நூறு ரூபாயில் தீரும் அல்லது தீர்க்கவே வேண்டாத விஷயங்கள். விற்பவர் வெட்கப்பட்டு விலை குறைக்கும் இடங்களும் இவைதான். ஒலி மங்கிய பழைய தந்திகளைத் தண்ணீரில் கொதிக்க வைத்து உயிர் கொடுக்கும் வைத்தியமும் பேஸ் கலைஞர்களிடையே பிரசித்தம். சில நாட்கள் தாங்கும்.

கணக்கு முடிவதில்லை

9,000 ரூபாய்க்கு ஒரு பேஸ் கிதார் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். புதிய தந்திகளுக்குச் சுமார் 2,000. சரிபார்க்கும் கைவினைஞருக்கு 1,500. குமிழும் துளையும் மாற்ற 500. ஆக 13,000. அதே ரகம் புதிதாக 16,000க்குக் கிடைத்தால், உண்மையான லாபம் 7,000 அல்ல, வெறும் 3,000. இதற்கு மேல் ஆம்ப்ளிஃபயர் வேறு. சாதாரண கிதாருக்கான பெட்டியில் பேஸைச் செருகிச் சத்தமாக வாசித்தால் ஸ்பீக்கர் கிழிந்துபோக வாய்ப்புண்டு. பிராக்டீஸுக்கான சிறிய பேஸ் ஆம்ப்ளிஃபயரையும் சேர்த்து விற்பவரிடம் வாங்குவது பல சமயம் நல்ல பேரம்.

பெயரைப் பார்த்து மயங்குவதும் செலவுதான். மலிவான கிதாரின் தலையில் ஃபெண்டர் ஸ்டிக்கர் ஒட்டுவது உலகம் பூராவும் நடக்கும் பழைய தந்திரம். சீரியல் எண், திருகுகளின் இடம், தலைப்பகுதியின் வடிவம் ஆகியவற்றை அசலோடு ஒப்பிட்டால் சாயம் வெளுக்கும்.

யாருடைய சொத்து?

நம்ப முடியாத விலை இன்னொரு கேள்வியையும் எழுப்ப வேண்டும். ஜாக்கோவின் 90 டாலர் கிதார் 1986இல் நியூயார்க்கில் திருடு போனது. அடுத்த ஆண்டு அவர் இறந்தார். சுமார் 20 ஆண்டு கழித்து அதே நகரின் வாத்திய வியாபாரி ஒருவரிடம் அது தலைகாட்டியபோது, குடும்பத்துக்கும் அவருக்கும் வழக்கு மூண்டது. மெட்டாலிகா குழுவின் பேஸ் கலைஞர் ராபர்ட் ட்ருஹியோ 2010இல் பணம் கொடுத்து உதவிய பிறகே சிக்கல் தீர்ந்தது.

இந்தியச் சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. 1930ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டப்படி, விற்பவருக்கு இல்லாத உரிமை பொதுவாக வாங்குபவருக்கும் வராது. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ நேர்மையின்றி வாங்கினால், 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆவது பிரிவு மூன்று ஆண்டு வரை சிறைக்கு வழி செய்கிறது. பழைய ரசீது, சீரியல் எண்ணின் புகைப்படம், விற்பவர் கையெழுத்திட்ட ஒரு துண்டுச் சீட்டு ஆகியவற்றைக் கேட்டு வாங்குவதில் கூச்சம் தேவையில்லை. அசல் உரிமையாளர் கொடுத்துவிடுவார். தயங்குபவரிடம் வாங்காமல் இருப்பதே மலிவு.

இத்தனை எச்சரிக்கைக்கும் காரணம் சில ஆயிரம் ரூபாய் மட்டுமல்ல. வளைந்த கழுத்தில் தந்தி உயர்ந்து நிற்கும். அழுத்தினால் விரல் நோகும், சுருதி சேராது. முதன்முதலாக வாசிக்கும் பையனுக்கோ பெண்ணுக்கோ குறை வாத்தியத்தில் இருப்பது தெரியாது. தனக்குச் சங்கீதம் வராது என்று முடிவு கட்டி, ஆறு மாதத்தில் விட்டுவிடுவார்கள். கழுத்து நேராக இருக்கும் ஒரு பழைய பேஸ், பெயிண்ட் உதிர்ந்திருந்தாலும், பல ஆண்டுகள் கூட வரும். அதன் விலை விழவேண்டிய அளவு ஏற்கெனவே விழுந்துவிட்டது. திரும்ப விற்றாலும் போட்ட பணத்தில் பெரும் பகுதி கைக்கு வரும்.