ஷாஃப்ட் எங்கே முறிகிறது?

1842 மே 8. வெர்சாயிலிருந்து பாரிசுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ரயிலின் முன் எஞ்சினில் அச்சு முறிந்தது. பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தீப்பிடித்தன. கதவுகள் பூட்டியிருந்ததால் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் கருகிப்போனார்கள். ஓடி ஓடி இரும்பின் உள்ளமைப்பே மாறிவிடுகிறது என்று அன்று பலர் நம்பினார்கள். மறு ஆண்டு ராங்கின் என்ற ஸ்காட்லாந்துப் பொறியாளர், இருபத்து மூன்று வயது கூட நிரம்பாதவர், வேறு காரணம் சொன்னார்: அச்சின் விட்டம் மாறுகிற கூர்மூலையில்தான் விரிசல் பிறக்கிறது, அங்கே வளைவு கொடுங்கள்.

இயந்திர ஷாஃப்ட்டிலும் இதே கதைதான்: பேரிங் உட்கார அதில் ஒரு படி கடைந்தே ஆகவேண்டும். 40 மி.மீ. ஷாஃப்ட்டில் அந்தப் படியின் உள்மூலைக்கு 0.8 மி.மீ. ரேடியஸ் விட்டால், ஷாஃப்ட் வளைவதால் வரும் தகைவு அங்கே மட்டும் சுமார் 2.7 மடங்காக ஏறும். 4 மி.மீ. விட்டால் 1.7 மடங்கோடு நிற்கும். ஷாம்பு பாக்கெட் ஓரத்தில் போட்டிருக்கும் சின்ன வெட்டு செய்கிற வேலைதான் இது. பொறியியலில் இதற்குத் தகைவுச் செறிவு என்று பெயர்.

மூன்று மடங்கு கூட இல்லையே, எஃகு தாங்காதா? ஒருமுறை என்றால் தாங்கும். ஆனால் புல்லி பெல்ட் இழுக்கும் ஷாஃப்ட் சுற்றும்போது, அதன் மேற்பரப்பு ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை இழுபட்டு ஒருமுறை அமுங்குகிறது. நிமிடத்துக்கு 1440 சுற்று என்றால் ஒரே நாளில் இருபது லட்சம் தடவைக்கு மேல்.

முறிந்த முகத்தைப் பார்த்தாலே கதை தெரியும். ஓரத்தில் ஒரு புள்ளி, அதைச் சுற்றிச் சிப்பி ஓட்டில் இருப்பதுபோன்ற வரிகள், வழவழப்பான பரப்பு, மிச்சம் சொரசொரப்பு. வழவழப்பு விரிசல் மெல்ல நகர்ந்த பாதை, சொரசொரப்பு கடைசி நொடியில் முறிந்த இடம். சொரசொரப்பான பகுதி சிறிதாக இருந்தால், பாரம் அதிகமில்லை என்று அர்த்தம்.

ஷாஃப்ட் முறிந்ததும் "இன்னும் உறுதியான ஸ்டீல் போடுங்க" என்பார்கள். என் கணக்கில் அது பாதி வைத்தியம்: உறுதி கூடக் கூட எஃகுக்குக் கூர்மூலை ஆகாது. வரைபடத்தில் ரேடியஸ் எழுதாமல் விட்டு டர்னரைக் குறைசொல்வதும் நியாயமில்லை.

ஒரு சிக்கல் உண்டு. ஷாஃப்ட்டின் வளைவு பேரிங்கின் மூலை வளைவைவிடப் பெரிதானால் பேரிங் படியில் ஒட்டி உட்காராது. அப்போது படியின் பக்கச் சுவரைக் குடைந்து உள்ளே வளைவை ஒளித்துவைக்கலாம். அல்லது பெரிய வளைவே விட்டு, நடுவில் மூலை சரித்த ஒரு வளையத்தைச் செருகலாம்.