நீலக்கரைச் சேலை



எங்கள் தென்னேரிக்கு வந்திருக்கிறீர்களா? வாலாஜாபாத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. பெரிய ஏரி உண்டு. தெருவில் நடந்தால் தறிச் சத்தம் கேட்கும். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்று கோர்வை போட்டுப் பட்டுச் சேலை நெய்வதைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். நேரம் போவதே தெரியாது!

இன்று நான் சொல்லப்போவது வேறொரு சேலையைப் பற்றி. அதில் பட்டும் இல்லை, ஜரிகையும் இல்லை. வெள்ளைப் பருத்தித் துணி. கரையில் மூன்று நீலக் கோடுகள். அவ்வளவுதான்! யார் கட்டிய சேலை என்று கண்டுபிடித்திருப்பீர்களே? ஆம், அன்னை தெரசாதான்.

இந்தச் சேலை எங்கே நெய்யப்படுகிறது தெரியுமா? கொல்கத்தாவுக்கு வடக்கே, டிட்டாகர் என்ற ஊரில், ரயில் பாதை ஓரமாக உள்ள 'காந்திஜி பிரேம் நிவாஸ்' என்ற இல்லத்தில். நெய்பவர்கள் தொழுநோயிலிருந்து குணமானவர்களும் அவர்கள் குடும்பத்தாரும். தொழுநோய் ஒரு கிருமியால் வருவது. இன்று மருந்து சாப்பிட்டால் முழுவதும் குணமாகிவிடும். அந்தக் காலத்திலோ, நோய் வந்தவரைச் சொந்த வீட்டாரே வெளியே அனுப்பிவிடுவார்கள். மழுங்கிய விரல்களோடு தெருவில் கை நீட்டுவதைத் தவிர அவர்களில் பலருக்கு வேறு வழி இல்லை. அப்படிப்பட்ட கைகளில்தான் இங்கே நாடாவையும் நூலையும் கொடுத்தார்கள். அன்னையின் சபைச் சகோதரிகள் உடுத்துவது இவர்கள் நெய்த சேலையைத்தான்!

அன்னை தெரசா 1910-ல் ஸ்கோப்யே நகரில் பிறந்தவர். 1929-ல் இந்தியாவுக்கு வந்து, கொல்கத்தாவில் ஒரு பெண்கள் பள்ளியில் ஆசிரியையாக இருந்தார். (அவரும் என்னைப் போல வாத்தியார் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை!) 1948-ல் அந்தப் பள்ளியை விட்டு வெளியே வந்து, மோத்தி ஜீல் என்ற சேரியில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். கரும்பலகை கிடையாது. குச்சியை எடுத்து மண்ணிலேயே எழுதினார்.

அந்த நாளில் கொல்கத்தா நடைபாதைகளில், வீடும் உறவும் இல்லாமல், பலர் இறக்கும் நிலையில் கிடந்தார்கள். அவர்களுக்காக ஓர் இடம் கேட்டார் அன்னை. காளிகாட் காளி கோயிலை ஒட்டியிருந்த யாத்ரீகர் விடுதியை மாநகராட்சி கொடுத்தது. 1952-ல் அங்கே 'நிர்மல் ஹிருதய்' இல்லம் தொடங்கியது. கோயிலுக்குப் பக்கத்தில் கிறிஸ்தவச் சகோதரிகளா என்று முதலில் எதிர்ப்பு கிளம்பியது. பிறகு அந்தக் கோயில் பூசாரி ஒருவரே காசநோயோடு வந்து சேர, அவரையும் சகோதரிகள் கவனித்துக் கொண்டார்கள் என்று சொல்வார்கள்.

பசித்தவருக்கும் வீடற்றவருக்கும் செய்வது தனக்கே செய்ததாகும் என்பது இயேசுவின் போதனை. அன்னை அதை அப்படியே நம்பினார். அதனால்தான் வந்தவரிடம் மதம் கேட்கவில்லை. இறக்கும் நேரத்தில் இந்துவுக்குக் கங்கை நீரும், முஸ்லிமுக்குக் குர்ஆன் ஓதுதலும் அங்கே கிடைத்தன. மருத்துவ வசதி போதவில்லை என்று அந்த இல்லத்தைக் குறை சொன்னவர்களும் உண்டு. அதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1979-ல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தபோது, வழக்கமான விருந்தை நிறுத்திவிட்டு அந்தப் பணத்தை ஏழைகளுக்குத் தரச் சொன்னார் அன்னை.

"நாங்களும் அப்படிச் செய்யலாமா?" என்று கேட்பீர்கள். தெரியாதவர்களோடு நீங்கள் தனியாகப் போகக் கூடாது. அப்பா, அம்மா அல்லது ஆசிரியரை அழைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வயதுள்ள பிள்ளை யாரும் இல்லாமல் தெருவில் நின்றால், 1098 என்ற எண்ணுக்குப் பேசச் சொல்லுங்கள். அது குழந்தைகளுக்கான இலவச உதவி எண்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். கொஞ்சம் வெட்கமான கதைதான். நான் வேலையில் இருந்தபோது, பேருந்து நிலையத்தில் ஒரு பெரியவர் தினமும் உட்கார்ந்திருப்பார். இரவில் படுப்பதும் அங்கேதான். நான் பேருந்தைப் பார்த்தபடியே ஒரு ரூபாயைப் போட்டுவிட்டுப் போவேன். ஒருநாள் என்னோடு வந்த ஐந்தாம் வகுப்புப் பையன், "சார், அவர் கையில ஏதோ சீட்டு வச்சிருக்காரே, என்ன சார் அது?" என்றான்.

நான் திரும்பிப் பார்த்தேன். ஒரு கையில் காசு, மறு கையில் சீட்டு. வாங்கிப் படித்தேன். கண் அறுவைச் சிகிச்சைக்கு வரச் சொல்லி மருத்துவமனையில் எழுதிக் கொடுத்த தேதி. அது போய்ப் பதினாறு நாள் ஆகியிருந்தது!

"யாராச்சும் படிச்சுச் சொல்லுவாங்களான்னுதான் நீட்டிக்கிட்டே இருந்தேன் வாத்தியாரே. எல்லாரும் காசைப் போட்டுட்டுப் போயிட்டாங்க" என்றார் அவர்.

அடுத்த வாரம் நானும் அந்தப் பையனின் அப்பாவும் அவரை மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். பேருந்தில் மூன்று பேருக்கும் டிக்கெட்டுக்குக் காசு எடுத்தவர் அவர்தான். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. முடிச்சை அவிழ்த்து, ஒவ்வொரு ரூபாயாக எண்ணிக் கொடுத்தார். அதில் நான் போட்டவையும் இருந்திருக்கும்!