எஞ்சினுக்குள்ளே ஒரு பஜ்ஜிச் சட்டி

வா கண்ணா, இப்படி உட்கார். போன வாரம் நீ ஒரு கேள்வி கேட்டாயே, அது இன்னும் என் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. "மாமா, தாத்தாவோட பழைய கார் எஞ்சினுக்குள்ளே அழுக்கு சேர்ந்திருக்காம். ஒரு டப்பா மருந்து ஊத்தினா எல்லாம் கரைஞ்சு போயிடுமா?" என்றாய். சபாஷ்! கார் வைத்திருக்கிற பெரியவர்களில் பலருக்கே இந்தக் கேள்வி தோன்றுவதில்லை.

முதலில் நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

என்னிடம் ஒரு பழைய சின்னக் கார் இருந்தது. வீட்டிலிருந்து பள்ளிக்கூடம், பள்ளிக்கூடத்திலிருந்து வீடு. இரண்டு கிலோமீட்டர்தான் ஓட்டம். ஒரு நாள் மெக்கானிக் அண்ணன் எஞ்சின் தலைமேல் இருக்கும் டேப்பட் கவரைக் கழற்றினார். உள்ளே தேன் நிறத்தில் எண்ணெய் பளபளக்கும் என்று ஆசையாக எட்டிப் பார்த்தேன். இருந்ததோ கன்னங்கரேல் என்று களி! அண்ணன் ஸ்க்ரூடிரைவர் நுனியால் கொஞ்சம் வழித்து என் விரலில் வைத்தார். பிசுபிசுவென்று ஒட்டியது. நடுநடுவே மணல் மாதிரி நெருடியது. "இதுதான் சார் ஸ்லட்ஜ்" என்றார். நாம் கசடு என்று வைத்துக்கொள்வோம்.

இது எங்கிருந்து வந்தது?

உன் வீட்டில் பஜ்ஜி சுடும் இரும்புச் சட்டியைத் திருப்பிப் பார். வெளிப்பக்கம் பழுப்பாக ஒரு பிசுக்கு ஒட்டியிருக்கும். நகத்தால் சுரண்டினாலும் வராது. சூட்டில் எண்ணெய், காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்கிறது. சின்னச் சின்ன மூலக்கூறுகள் கைகோத்துப் பெரிய கூட்டமாகின்றன. எண்ணெய் பிசினாகிவிடுகிறது. எஞ்சின் எண்ணெய்க்கும் இதே கதிதான். எஞ்சின் நிமிடத்துக்கு 3000 முறை சுற்றினால், பிஸ்டன் ஒரே நொடியில் 50 தடவை மேலே போய்க் கீழே வரும். அந்தச் சூட்டிலும் உரசலிலும் இரும்பைக் காப்பாற்றுவது இந்த எண்ணெய்தான்.

இதோடு தண்ணீரும் சேர்கிறது. தண்ணீரா என்று வியக்கிறாயா? ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகும். பெட்ரோலில் இருக்கும் ஹைட்ரஜன், காற்றின் ஆக்சிஜனோடு சேர்வதால் வருவது அது. பெரும்பகுதி ஆவியாகி சைலன்சர் வழியே போய்விடும். கொஞ்சம் மட்டும் பிஸ்டன் வளையங்களின் இடுக்கில் நழுவி, கரித்துகளையும் எரியாத பெட்ரோலையும் கூட்டிக்கொண்டு, எண்ணெயில் வந்து விழும்.

நீண்ட தூரம் ஓடினால் எண்ணெய் நன்றாகச் சூடேறும். தண்ணீர் ஆவியாகிப் பறந்துவிடும். இரண்டு கிலோமீட்டரில் எண்ணெய் முழுதாகச் சூடேறாதே! தண்ணீர் உள்ளேயே தங்கிவிடும். என் வண்டி ஏன் அப்படி ஆனது என்று இப்போது புரிகிறதா? அதிகம் ஓடாததால்தான்!

சரி, மருந்துக்கு வருவோம்.

பலாப்பழம் உரிக்கும்போது பாட்டி ஏன் கையில் நல்லெண்ணெய் தடவிக்கொள்கிறார்? பலாப்பால் தண்ணீருக்கு மசியாது, எண்ணெய்க்கு மசியும். எஞ்சின் கழுவும் திரவத்திலும் மண்ணெண்ணெய் மாதிரி நீர்த்த எண்ணெய்கள் உண்டு. அவை பிசினை இளக்கும்.

அதில் இன்னொரு வகை மூலக்கூறும் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். ஒரு பட்டத்தை நினைத்துக்கொள். அகலமான தலை, நீளமான வால். இந்த மூலக்கூறின் தலை கரித்துகளைக் கவ்விக்கொள்ளும். வால் எண்ணெயில் ஆடிக்கொண்டிருக்கும். ஒரு துகளைச் சுற்றி நிறையப் பட்டங்கள் ஒட்டிக்கொண்டால், அது இன்னொரு துகளின் பக்கத்தில் போகவே முடியாது. வால்கள் தடுத்துவிடும். கட்டி சேராது. எண்ணெயோடு மிதந்து, எண்ணெய் மாற்றும்போது வெளியே வந்துவிடும்.

இந்தப் பட்டங்கள் நல்ல எஞ்சின் எண்ணெயிலேயே ஏற்கெனவே இருக்கின்றன. 1930களில் அமெரிக்காவில் டீசல் டிராக்டர்களின் பிஸ்டன் வளையங்கள் பிசினில் சிக்கி அசையாமல் நின்றன. அந்தத் தொல்லையைத் தீர்க்கத்தான் எண்ணெயில் அழுக்கு நீக்கிகளைக் கலக்கத் தொடங்கினார்கள். பழைய எஞ்சினில் ஊற்றிய புது எண்ணெய் சீக்கிரமே கறுத்துவிட்டால் தாத்தா கவலைப்பட வேண்டாம். அது அழுக்கை வாரிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

அப்படியானால் மருந்தை ஊற்றிவிடலாமா? கொஞ்சம் பொறு.

பள்ளி விடும் மணி அடிக்கிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் சின்ன வாசலுக்கு ஓடினால் என்ன ஆகும்? யாராலும் வெளியே போக முடியாது. எஞ்சினின் அடியில் சம்ப் என்ற தொட்டி இருக்கிறது. அங்கிருந்து எண்ணெயை உறிஞ்சும் குழாயின் வாயில் ஒரு கம்பி வலை. அதுதான் அந்தச் சின்ன வாசல். கட்டியான கசடு ஒரேயடியாகப் பெயர்ந்து வந்தால் வலை அடைத்துக்கொள்ளும். எண்ணெய் மேலே ஏறாது. சில நிமிடங்களில் பேரிங்குகள் தேய்ந்து எஞ்சின் பாழாகிவிடும்.

கசடு மெல்லிய பூச்சாக இருந்தால் மருந்து நன்றாகவே உதவும். பழைய எண்ணெயில் அதை ஊற்றி, வண்டியை நின்ற இடத்திலேயே டப்பாவில் போட்டிருக்கும் நிமிடக் கணக்குக்கு ஓடவிட்டு, எல்லாவற்றையும் வடித்து, ஃபில்டரையும் மாற்ற வேண்டும். என் வண்டியில் இருந்த மாதிரி களியாக இருந்தால் வேறு வழியில்லை. அண்ணன் சம்ப்பைக் கழற்றினார். வலையில் பாதி அடைத்திருந்தது! கையாலேயே கழுவினார். பிறகு இரண்டு தடவை, வழக்கமான கெடுவுக்கு முன்பே எண்ணெயை மாற்றினோம். உள்ளே மிச்சமிருந்ததை அந்தப் பட்டங்கள் மெதுமெதுவாக எடுத்துக்கொண்டன.

உனக்கு ஒரு சோதனை தருகிறேன். எஞ்சின் ஆறிய பிறகு, அப்பாவையோ தாத்தாவையோ எண்ணெய் அளக்கும் குச்சியை உருவச் சொல். அறிவியல் ஆசிரியரிடம் ஒரு வடிதாள் கேட்டு வாங்கி, அதில் ஒரு சொட்டு விட்டு ஒரு நாள் காத்திரு. கறுப்பு நடுவிலேயே பொட்டாக நின்று, சுற்றிலும் எண்ணெய் மட்டும் வெளுப்பாகப் பரவினால் பட்டங்கள் களைத்துவிட்டன. சாம்பல் நிறம் சீராக விரிந்தால் இன்னும் பறக்கின்றன.

என் வண்டியின் முதல் சொட்டு கரும்பொட்டாகவே நின்றது. கடைசித் தடவை எண்ணெய் மாற்றிச் சில வாரம் ஓட்டிய பிறகு விட்ட சொட்டு, மழை மேகம் மாதிரி ஓரம் வரை பரவியது. இரண்டு தாள்களையும் வைத்திருக்கிறேன். தாத்தா வண்டியின் தாளைக் கொண்டு வா, பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.