மலைக்குச் செய்த சைக்கிள், கடற்கரைச் சாலையில்

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளம், திருவிடந்தை, மாமல்லபுரம் என்று சைக்கிள்கள் வரிசை கட்டிப் போகின்றன. அகலமான ஹேண்டில்பாரும் தடித்த டயரும் கொண்ட மவுண்டன் பைக்குகள் அதில் நிறைய. டீக்கடையில் இறங்கியதும் சிலர் முதல் வேலையாகக் கையை உதறுவார்கள். சுண்டுவிரலும் மோதிரவிரலில் பாதியும் மரத்துப் போயிருக்கும். "ஓட்டி ஓட்டிப் பழகினா சரியாயிடும்" என்பார் பக்கத்தில் நிற்பவர். ஃபிரேம் பொருந்தாவிட்டால் எத்தனை மாதம் ஓட்டினாலும் அது சரியாகாது. அந்த ஃபிரேம் எந்த நிலத்துக்காக, எந்த உயரத்துக்காக வரையப்பட்டது என்று வாங்கும்போது நமக்கு யாரும் சொல்வதில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளும் உரிமை நமக்கு உண்டு.

மவுண்டன் பைக் 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், டமால்பைஸ் மலைச் சரிவுகளில் பிறந்தது. 1990களில் அதன் முன் ஃபோர்க் தரையோடு ஏறக்குறைய 71 டிகிரி கோணத்தில் நின்றது. இன்றைய மாடல்கள் பலவற்றில் அது 64, 65 டிகிரி. முன்சக்கரம் ஓட்டுபவரை விட்டு இன்னும் முன்னே தள்ளிப் போய்விட்டது. செங்குத்தான இறக்கத்தில் தலைகுப்புற விழாமல் இருக்க இது பெரிய உதவி. அதே காலத்தில் ஃபிரேமும் நீண்டது. இரு பெடல்களும் சுழலும் மைய அச்சுக்கு (பெடல் அச்சு) நேர்மேலே ஒரு கோடு இழுத்து, அங்கிருந்து ஹேண்டில் குழாயின் உச்சி வரை உள்ள கிடைமட்டத் தூரத்தை ‘ரீச்’ என்பார்கள். மீடியம் சைஸில் முன்பு 40 செ.மீ. வாக்கில் இருந்த ரீச், இப்போது 45ஐத் தொடுகிறது. 73 டிகிரியில் சாய்ந்திருந்த சீட் குழாய் 76, 77 டிகிரிக்கு நிமிர்ந்துவிட்டது.

இந்தச் சீட் விஷயத்தைத்தான் நம் பக்கத்து ஆட்கள் கவனிக்க வேண்டும். மலையேறும்போது சைக்கிளே பின்னால் சாய்வதால், நிமிர்ந்த சீட் குழாய் உடம்பைப் பெடலுக்கு மேலே கொண்டுவந்து நிறுத்தும். நீலகிரியிலோ கொல்லிமலையிலோ அது அருமை. முட்டுக்காட்டிலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை ஏற்றம் என்று சொன்னால் பாலங்கள்தான். சமதரையில் அதே சீட் நம்மை முன்னால் தள்ளும். உடம்பின் பாரம் உள்ளங்கையில் இறங்கும். மணிக்கட்டின் சுண்டுவிரல் பக்கம் ஓடும் நரம்பு மணிக்கணக்கில் நசுங்குகிறது. மரத்துப்போவதற்குக் காரணம் அதுதான். கழுத்துவலியும் தோள்வலியும் பின்னாலேயே வரும்.

இன்னொரு ஆபத்து திருப்பத்தில் இருக்கிறது. காற்றில் வந்த கடற்கரை மணல் தார்ச்சாலை ஓரத்தில் மெல்லிய படலமாகக் கிடக்கும். சாய்ந்த ஃபோர்க் உள்ள சைக்கிளில் முன்சக்கரம் பிடிமானத்தோடு இருக்க, ஓட்டுபவர் தன் எடையை வேண்டுமென்றே முன்னால் கொடுக்க வேண்டும். குள்ளமானவர், எடை குறைந்தவர், நீண்ட ஃபிரேமில் எட்டிப் பிடித்துக்கொண்டு இருப்பவர் இதைச் செய்வது கடினம். மணலில் முன்சக்கரம் வழுக்கினால் சமாளிக்க நேரமே இருக்காது. மெதுவாகப் போகும்போது ஹேண்டில் தானாக ஒரு பக்கம் விழுவதுபோல இழுப்பதும் இந்தக் கோணத்தால்தான்.

புது வடிவமே கெடுதல் என்று நான் சொல்லவில்லை. ஆறடி உயரமும் நீண்ட உடல்வாகும் உள்ளவர்கள் பழைய ஃபிரேமில் குறுகிக்கொண்டு ஓட்டினார்கள்; அவர்களுக்கு இது விடுதலை. மலைப்பாதைக்கு அடிக்கடி போகிறவர்களுக்கும் இதுவே நல்லது. ஆனால் இந்தியப் பெண்களின் சராசரி உயரம் சுமார் 152 செ.மீ. அந்த உயரத்துக்கு மிகச் சிறிய சைஸ்கூடச் சில மாடல்களில் நீளம்தான். பத்து, பதினைந்தாயிரம் ரூபாய் சைக்கிள்களில் பிரச்சினை வேறு. கோணங்கள் பழையவையாகவே இருக்கும், ஆனால் பல மாடல்கள் ஒரே ஃபிரேம் சைஸில்தான் வருகின்றன. "வளர்ற பையன், பெருசாவே எடுத்துக்குங்க" என்று கடையில் சொல்வதை நம்பிப் பெற்றோர் வாங்கிவிடுகிறார்கள். திடீர் பிரேக்கில் கால் தரையில் எட்டாமல் பையன் நடுக்குழாயில் மோதுகிறான். இந்த ஒரு பேச்சை மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள்.

வாங்கும் முன் வீட்டிலேயே அளந்துகொள்ளலாம். செருப்பில்லாமல் சுவரில் முதுகை ஒட்டி நின்று, ஒரு கனமான நோட்டைக் கவட்டை வரை உயர்த்திப் பிடித்து, அதன் மேல்விளிம்பிலிருந்து தரை வரை அளக்க வேண்டும். 74 செ.மீ. வருகிறது என்று வையுங்கள். அதை 0.883 ஆல் பெருக்கினால் 65 செ.மீ. சொச்சம். பெடல் அச்சிலிருந்து சீட்டின் மேல்பகுதி வரை ஏறக்குறைய அந்த உயரம் கிடைக்க வேண்டும். மண்பாதைக்கு இன்னும் கொஞ்சம் தாழ்வாக வைக்கலாம். கவட்டைக்கும் நடுக்குழாய்க்கும் இடையே குறைந்தது 5 செ.மீ. இடைவெளி வேண்டும். கடையில் ஃபிரேம் அளவுப் பட்டியலைக் கேளுங்கள், பத்து நிமிடமாவது வெளியே ஓட்டிப் பாருங்கள்.

வாங்கியாகிவிட்டது, வலிக்கிறது என்றால்? பழைய சைக்கிளில் ஹேண்டிலைத் தாங்கும் ஸ்டெம் 9, 10 செ.மீ. நீளம் இருக்கும், சின்னதாக மாற்றினால் தீர்ந்தது. புது வடிவத்தில் அது ஏற்கெனவே 4, 5 செ.மீ.தான், குறைக்க இடமில்லை. சீட்டை முன்னே தள்ளினால் கையில் பாரம் இன்னும் கூடும். உயரம் கொடுக்கும் ஹேண்டில்பாராக மாற்றுவது நல்ல வழி, மேலே ஏற ஏற எட்டும் தூரமும் கொஞ்சம் குறையும். 78 செ.மீ. அகல ஹேண்டில் குறுகிய தோளுக்கு அதிகம்; இரு பக்கமும் ஒரு செ.மீ. வீதம் வெட்டி, ஓட்டிப் பார்த்து, பிறகு வெட்டலாம். முட்டியின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வு, பின்பக்கம் வலித்தால் சீட் உயரம். இவை எதற்கும் அடங்கவில்லை என்றால் ஃபிரேம் சைஸே தப்பு.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இங்கேதான் வருகிறது, ஆனால் ஒரு நுணுக்கத்தோடு. உடம்புக்குப் பொருந்தவில்லை என்பது மட்டும் சட்டப்படி குறைபாடு ஆகாது. விற்றவர் எதைச் சொல்லி விற்றாரோ அதற்கு மாறாகப் பொருள் இருந்தால் அது குறைபாடு. அதனால் பில்லில் மாடலோடு ஃபிரேம் சைஸையும் எழுதி வாங்குங்கள், "155 செ.மீ. உயரத்துக்கு ஏற்றது" என்று கடைக்காரர் சொன்னால் அதை வாட்ஸ்அப்பிலாவது அனுப்பச் சொல்லுங்கள். பில் தர மறுப்பதே முறையற்ற வணிக நடைமுறை. குறைபாடுள்ள பொருளைப் பில்லில் போட்ட கெடுவுக்குள், கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதும் அப்படியே. இணையத்தில் வாங்கியிருந்தால், விளம்பரத்தில் சொன்ன அம்சம் இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்று விற்பவர் சொல்லக்கூடாது.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். தீரவில்லை என்றால் நம் பகுதிக்குச் செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. சைக்கிளைச் சென்னையிலோ பெங்களூருவிலோ வாங்கியிருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் ஊரின் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையுள்ள பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தாக வேண்டும் என்றும் இல்லை. பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். விரல் மரத்துப்போனது ஓரிரு நாளில் போகாவிட்டால் டாக்டரைப் பாருங்கள். அவர் தரும் மருத்துவச் சீட்டைப் பில்லோடு சேர்த்துப் பின் அடித்து வையுங்கள், ஆணையத்தில் அதுவும் ஆதாரம்.