பனிநாட்டுக் குசினி – 17: முதல் புளி, பிறகு சவர்க்காரம்

எண்பதுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து நோர்வே வந்து சேர்ந்த பெடியள் பலருக்கு இந்த நாடு முதலில் காட்டியது ஒஸ்லோவை அல்ல. வட துருவ வட்டத்துக்கு அப்பால் கிடக்கும் பின்மார்க் கரையை. 1975இல் வேலை தேடி வருவோருக்கு நோர்வே கதவைச் சாத்திவிட்டது. படிக்க வருவோருக்கு மட்டும் ஒரு வழி திறந்திருந்தது. விடுதியோடு கூடிய மக்கள் உயர்பள்ளிகளில் இடமெடுத்து வந்தவர்களும், பிறகு அகதிகளாக வந்தவர்களும் வார்டோ, போட்ஸ்பியோர்ட், ஹமர்பெஸ்ட் போன்ற துறைமுக ஊர்களின் மீன் ஆலைகளில் வேலைக்கு நின்றார்கள். வாத்தியார் வீட்டுப் பிள்ளை, கச்சேரி எழுதுவினைஞரின் பிள்ளை என்று, ஊரில் சந்தையில் மீன் வாங்கியதோடு சரியென்று இருந்தவர்கள் கூடக் கத்தி பிடித்தார்கள்.

இந்த நாட்டுக்கும் நமக்கும் உறவு தொடங்கியதே மீனில்தான் என்பதையும் சொல்ல வேண்டும். 1956இல் இங்கே வந்த குருநகர் அன்ரனி இராஜேந்திரத்தைத்தான் நோர்வேயின் முதல் தமிழர் என்கிறார்கள். அவர் நோர்வேக்காரரின் துணையோடு யாழ்ப்பாணத்தில் தொடங்கிய ‘சீ-நோர்’ மீன்பிடித் திட்டம் ஊரில் பலருக்கு ஞாபகம் இருக்கும்.

ஆலை வேலை கைகளை என்ன செய்யும் என்பதை, அங்கே நின்று பிறகு ஒஸ்லோவுக்குக் குடிவந்த அக்கா ஒருவர் எனக்கு விரிவாகச் சொன்னார். தலை வெட்டவும் துண்டம் பிரிக்கவும் இயந்திரம் உண்டு. அதிலிருந்து வரும் கொட் மீன் துண்டங்களைக் கீழிருந்து வெளிச்சம் அடிக்கும் மேசையில் பரப்பி, மிச்ச முள்ளையும் புழுவையும் கையால்தான் எடுக்க வேண்டும். உள்ளே பருத்திக் கையுறை, மேலே ரப்பர் கையுறை. இரண்டையும் தாண்டி வெடுக்கு நகக்கண்ணில் ஏறிவிடும். வேலை முடிந்து மொழி வகுப்புக்குப் போனால் கையை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டே இருப்பாராம். வடக்கு நோர்வேக்காரர் மீன் ஆலைப் பக்கம் வீசும் நாற்றத்தைப் “பணம் மணக்குது” என்பார்கள். அந்த ஊரில் பிறந்தவருக்கு அது பெருமை. நம்மவருக்கு அந்தப் பெருமை வரவில்லை. கடலுக்குப் போகிறவரைக் கீழாகப் பார்க்கும் சாதிக் கண்ணை விமானத்தில் கூடவே கொண்டு வந்திருந்தோம். கையில் வெடுக்கடித்தபோது அந்தக் கண் நம்மையே பார்த்தது.

நற்றிணையின் 45ஆம் பாட்டில் வரும் தோழி இதற்கு நேர்மாறானவள். தேரில் வரும் செல்வர் வீட்டு மகனிடம், நாங்கள் சுறா அறுத்துக் காயவைத்துக் காவல் இருக்கிற பெண்கள், எங்கள் மேல் புலால் வீசும், தள்ளி நில்லுங்கள் என்று நிமிர்ந்து சொல்கிறாள். ஒடுங்கிப்போய்ச் சொல்லவில்லை அவள். பின்மார்க்கில் நின்ற நம் பெண்களுக்கும் அந்த நிமிர்வுக்கு முழு உரிமை இருந்தது என்றே நான் நினைக்கிறேன். வெடுக்கைப் போக்குவது வசதிக்காக இருக்கட்டும், வெட்கத்துக்காக வேண்டாம்.

இப்போது ஒஸ்லோ குசினிக்கு வருவோம். ரொம்மன், ஸ்தூவ்னர், புருசெட் பக்கத்து அடுக்குமாடிகளில் சனிக்கிழமை மீன் வெட்டாத தமிழ் வீடு குறைவு. ஊர் மீனைவிட இந்த மீன் கையில் கூட நிற்கிறது என்ற முறைப்பாட்டை எல்லா வீட்டிலும் கேட்கலாம். அதில் உண்மை இருக்கிறது. கடல் மீனின் தசையில் டிரைமெத்திலமைன் ஆக்சைடு என்றொரு பொருள் உண்டு. உப்புத் தண்ணீரிலும் ஆழத்தின் அழுத்தத்திலும் மீனைக் காப்பது அது. அதற்கு மணமே இல்லை. மீன் செத்த பிறகு பாக்டீரியாக்கள் அதை டிரைமெத்திலமைனாக மாற்றுகின்றன; மணப்பது இதுதான். கொட் குடும்ப மீன்களில் இந்த மூலப்பொருள் மிக அதிகம். குளிர்கடல் பாக்டீரியாக்களுக்கோ ஐஸ் பெட்டி பழகிய இடம். அங்கேயும் ஓயாமல் வேலை செய்யும். வடக்கில் பிடித்து, ஐஸில் நாள்கணக்காகப் பயணித்து ஒஸ்லோ கடைக்கு வரும் மீன் வேறெப்படி மணக்கும்?

டிரைமெத்திலமைன் ஏறக்குறைய 3 பாகையிலேயே கொதித்துவிடும், அதனால் சாதாரண அறையில் அது வாயு. அதோடு அது காரத்தன்மை உள்ளது. காரத்தோடு அமிலம் சேர்ந்தால் உப்பாகும். உப்பு பறக்காது, மூக்குக்கு எட்டாது, தண்ணீரில் கரைந்து ஓடிவிடும். புளி செய்வது இதைத்தான். நோர்வேக்காரர் மீன் தட்டில் எலுமிச்சைத் துண்டு வைப்பதற்குப் பின்னாலும் இதே கணக்கு இருக்கிறது.

அக்காவின் முறை இது. குழம்புக்குக் கரைத்த பழப்புளியின் சக்கையை அவர் எறிவதில்லை. மீன் வெட்டி முடித்ததும் கையைக் குளிர்தண்ணீரில் அலசுகிறார். சுடுதண்ணீர் பட்டால் வாயு இன்னும் மேலே கிளம்பும். மோதிரத்தைக் கழற்றி வைக்கிறார். சக்கையை விரல் இடுக்கிலும் நகக்கண்ணிலும் அழுத்தித் தேய்த்து, அடுப்பைத் துடைத்து முடிக்கும் வரை அப்படியே விடுகிறார். பிறகு நல்ல தண்ணீர். கடைசியில்தான் சவர்க்காரம். நான் ஒருமுறை கட்டிச் சவர்க்காரத்தை நீட்டியபோது தடுத்தார்: “சவுக்காரத்தை முதல் போடாதையும் தம்பி, வெடுக்குக் கிளம்பும்.”

அவர் சொன்னது முழுக்கச் சரி. கட்டிச் சவர்க்காரம் காரம். காரத்தின் மேல் காரத்தைப் போட்டால் அந்த டிரைமெத்திலமைன் இன்னும் விடுபட்டு மூக்குக்கு ஏறும். இதைக் கண்ணாலும் பார்க்கலாம். மீனுக்கு மஞ்சள் பூசிய கையில் கட்டிச் சவர்க்காரத்தைத் தேய்த்துப் பாருங்கள், மஞ்சள் குங்குமச் சிவப்பாக மாறும். காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். தேசிக்காய்ப் புளி பட்டால் திரும்ப மஞ்சளாகும். ஆனால் சவர்க்காரமே வேண்டாம் என்று விட்டுவிடவும் கூடாது. மக்கரல், ஹெரிங் போன்ற கொழுப்பு மீன்களின் எண்ணெய் காற்றில் கெட்டுத் தனியாக ஒரு மணம் வீசும். அதைப் புளி அசைக்காது, சவர்க்காரம்தான் கழுவும்.

புளி இல்லாத வீட்டில் வினாகிரி இருக்கும். இங்கே கடையில் சாதாரணமாகக் கிடைப்பது 7 வீதம். தண்ணீர் கலந்து பாவித்தால் போதும். மாரிகாலத்தில் ஒஸ்லோக் குளிர் புறங்கையை வெடிக்க வைத்துவிடும். வெடித்த தோலில் வினாகிரி பட்டால் உயிர் போகும். அந்த நாள்களில் புளித்த பாலோ தயிரோ தடவிக் கழுவுங்கள். புளிப்பும் இருக்கிறது, எரிவும் இல்லை.

தேசிக்காய் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை, இதைப் பலரும் அறிவதில்லை. கோடையில் ஒஸ்லோ கடலேரியில் மக்கரல் பிடித்து, அங்கேயே வெட்டி, தேசிக்காய் தேய்த்துவிட்டு நீண்ட வெயிலில் நிற்கிறோம். தேசிக்காயில் உள்ள ஒருவகைப் பொருள் தோலில் இருக்கும்போது சூரியனின் புறஊதாக் கதிர் பட்டால் தீப்பட்டதுபோல் கொப்புளிக்கும். ஓரிரு நாளில் கொப்புளம், பிறகு வாரக்கணக்கில் கறுத்த தழும்பு. வெயிலுக்குப் போகுமுன் சாற்றைச் சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவ வேண்டும். பிள்ளைகளின் கையில் கூடுதல் கவனம்.

வெங்காயமும் உள்ளியும் வேறு கதை. அவற்றின் மணம் கந்தகச் சேர்மங்களால் வருவது. அதற்கென்று சவர்க்கார வடிவில் எவர்சில்வர் கட்டி விற்கிறார்கள். கந்தகம் உலோகத்தில் ஒட்டிக்கொள்ளும் என்று காரணம் சொல்கிறார்கள். உறுதியான ஆய்வுச் சான்று நான் கண்டதில்லை. தேய்க்க விருப்பமென்றால் குசினித் தொட்டியே எவர்சில்வர்தான், காசு கொடுக்கத் தேவையில்லை. வடித்த கோப்பித் தூளோ நோர்வே வீடுகளில் காலையும் மாலையும் மிஞ்சும். ஈரத்தூளோடு கொஞ்சம் தேங்காய் எண்ணெய் விட்டுத் தேய்த்தால் எண்ணெயில் கரையும் கந்தக மணமும் கழன்று வரும், தோலும் காயாது. உள்ளியை நிறையத் தின்றவரின் வேர்வையில் வரும் மணத்தை மட்டும் எந்தக் கைமருந்தும் தொடாது. அது இரத்தத்தின் வழியாக வருவது; அடங்க ஒரு நாள் பிடிக்கும்.

கழிப்பறைக்கு வாங்கிய குளோரினால் கை கழுவியவர்களை ஆலைக் காலத்தில் கண்டதாக அக்கா சொன்னார். யாரும் அதைச் செய்யாதீர்கள். தோல் வெந்துபோகும். வினாகிரியோ தேசிக்காயோ அதோடு கலந்தால் கிளம்புவது குளோரின் வாயு. மாரியில் யன்னல் பூட்டிய சின்னக் குளியலறையில் அது நுரையீரலையே தாக்கும். இரண்டு போத்தல்களையும் ஒரே அலுமாரியில் கூட வைக்க வேண்டாம்.

(தொடரும்)