போர் தொடுக்க முடியாத ராஜா!

ராஜா என்றால் படை திரட்டி பக்கத்து நாட்டின் மீது பாய்வார். போர் தொடுக்கும் உரிமையே இல்லாத ராஜாவும் இருக்கிறார். கம்ப்யூட்டருக்குள்!

பாரீஸ் நகரில் உள்ள ஆம்ப்ளிட்யூட் கம்பெனி 2014-ம் ஆண்டு வெளியிட்ட விளையாட்டு 'எண்ட்லெஸ் லெஜண்ட்.' ஆரிகா என்ற கற்பனை உலகில் இனங்கள் மோதுகின்றன. வெளியானபோது மொத்தம் 8 இனங்கள். ஆடுபவர் ஏதாவது ஒன்றுக்குத் தலைவர் ஆகலாம்.

இனத்துக்கு இனம் குணம் வேறு. 'நெக்ரோபேஜ்' கூட்டத்திடம் சமாதானப் பேச்சே எடுபடாது. போரில் செத்தவர்கள்தான் அதற்குச் சாப்பாடு! 'கல்டிஸ்ட்' கூட்டத்துக்கு ஒரே நகரம்தான். இரண்டாவது கட்ட முடியாது.

கல்லா நிறையும்

'ரோவிங் கிளான்ஸ்' நாடோடி வியாபாரிகள். ராட்சத வண்டின் முதுகில் ஊரையே ஏற்றிக்கொண்டு இடம் மாறுவார்கள். சந்தையில் மற்றவர்கள் வாங்கினாலும் விற்றாலும் இவர்கள் கல்லாவில் கமிஷன் விழும். பிடிக்காத ஆசாமிக்கு சந்தைக் கதவைச் சாத்தலாம். போர் அறிவிக்க மட்டும் முடியாது. வாடிக்கைக்காரரை வெட்டினால் வியாபாரம் ஏது?

கூலிப்படை

இங்கேதான் வில்லங்கம்! கூலிப்படையை அமர்த்தி, யார் ஆள் என்று தெரியாமல் அடிக்க வழி இருக்கிறது. ஜெயித்தால் போதும் என்பவர் ஏவி விடுவார். நாணயமான வியாபாரி என்று வேஷம் கட்டியவரோ கை வைக்கமாட்டார். அதனால் ஆட்டமே தோற்றுப் போகலாம்.

விதியை எழுதியது கம்பெனி. ஏவுவதா, வேண்டாமா என்பது ஆடுபவர் கையில். வேஷம் கட்டுவது சுலபம். ஊர் பறிபோகும்போதும் அதைக் கலைக்காமல் நிற்பதுதான் கஷ்டம்!