அருவருப்பு வேறு, ஆபத்து வேறு

திண்டிவனம் முதல் விழுப்புரம் வரையிலுள்ள ஊர்களில் நாய் வளர்ப்போர், அதிகாலையில் அதனை உலவ அழைத்துச் செல்லும்போது, அநேகமாக ஒரேவிதமான மனச்சங்கடத்துக்கு ஆளாகிறார்கள். வேளைதோறும் பால்சோறும் முட்டையும் இறைச்சியும் உண்டு வளரும் பிராணி, சாலையோரத்துச் சாணத்தையோ, வேறொரு நாயின் மலத்தையோ, லாரிச் சக்கரத்தில் நசுங்கிக் காய்ந்த பெருச்சாளியையோ கண்டவுடன் சங்கிலியை இழுத்துக்கொண்டு பாய்ந்து, எசமானர் தடுக்குமுன் அதை விழுங்கியும் விடுகிறது. அவர் அருவருப்படைகிறார், அதட்டுகிறார், சில சமயம் அடிக்கவும் செய்கிறார். ஆனால் அதே நாய், மண்டி வாசலில் ஒதுக்கிக் கொட்டிய சொத்தை மல்லாட்டையை, அதாவது நிலக்கடலையைத் தின்றாலும், செடிகளுக்கு இட்ட பிண்ணாக்கை நக்கினாலும், வரப்போரத்தில் யாரோ வைத்த பொரியைப் பொறுக்கினாலும், பார்வைக்கு அவை அசுத்தமாகத் தோன்றாமையால், அவர் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. முன்னவற்றைக் காட்டிலும் பின்னவையே நாயின் உயிருக்கு விரைவில் உலை வைப்பவை என்பதை எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாய் ஏன் கண்டதையும் தின்கிறது என்பதை முதலில் அறிந்துகொள்வது நலம். குறைந்தது பதினைந்தாயிரம் ஆண்டுகளாக மனிதனுடன் வாழ்ந்துவரும் இந்தப் பிராணி, அவன் வேட்டையில் துணை நின்றது போலவே, அவன் எறிந்த எச்சத்தை உண்டு பிழைத்ததும் உண்டு. ஓநாயைவிட நாய்க்கு மாவுப்பொருளை ஜீரணிக்கும் சக்தி மிகுதி என்பதையும், அதற்குக் காரணமான மரபணு நாயின் தேகத்தில் பல மடங்கு பெருகியிருப்பதையும் சுவீடன் தேசத்து உப்சாலா பல்கலைக்கழக விஞ்ஞானிகள் 2013-இல் எடுத்துக்காட்டினார்கள். மனித நாவில் சுமார் 9,000 சுவை மொட்டுகள் இருக்க, நாயின் நாவில் உள்ளவை சுமார் 1,700 மாத்திரமே. நாய் உணவைத் தேர்வது பெரும்பாலும் மூக்கினால். அந்த மூக்குக்கு அழுகல் வாடை என்பது விலக்கத்தக்க நாற்றமன்று, புரதமும் கொழுப்பும் அருகில் உள்ளன என்று அறிவிக்கும் நற்செய்தி.

மலம் தின்னும் பழக்கத்துக்கும் ஒரு பூர்வகாரணம் இருக்கக்கூடும். கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், நூற்றுக்குப் பதினாறு நாய்கள் இதை வழக்கமாகவே செய்வதாகவும், அவை தின்பது பெரும்பாலும் இரண்டு நாளுக்கு மேற்படாத புதுமலமே என்றும் கண்டார்கள். மலத்தோடு வெளிவரும் புழுமுட்டை தொற்றும் பருவத்தை அடையச் சுமார் இரண்டு நாள் செல்லும். ஆதலால் தம் குகையைச் சுற்றிக் கிடக்கும் மலத்தை அதற்குள் தின்று தீர்த்துவிடுவது ஓநாய்க் கூட்டத்துக்கு ஒரு சுகாதார ஏற்பாடாக இருந்திருக்கலாம் என்பது அவர்களின் அனுமானம். இப்பழக்கத்தைப் போக்குவதாகச் சொல்லி விற்கப்படும் பொடிகளும் மாத்திரைகளும் நூற்றில் இரண்டு நாய்க்கு மேல் பலன் தரவில்லை என்பதும் அதே ஆய்வின் முடிவு. எனவே இதனை நாயின் துர்க்குணமென்று கருதி அடிப்பதில் நியாயமும் இல்லை, பிரயோசனமும் இல்லை.

இதனால் தெருவில் கிடக்கும் மலமும் சாணமும் தீங்கற்றவை என்று யாரும் எண்ணிவிடலாகாது. அவற்றின் தீங்கு பெரும்பாலும் மெல்ல வருவது. முன்கூட்டியே தடுத்துக்கொள்ளக் கூடியது. இதற்கு ஒரு விலக்கு பார்வோ வைரஸ். 1978-ஆம் வருஷம் உலகெங்கும் வெளிப்பட்ட இந்நோய், குட்டிகளுக்கு வாந்தியையும் ரத்தபேதியையும் உண்டாக்கிச் சில நாட்களிலேயே கொல்லக்கூடியது. நோயுற்ற நாயின் மலம் பட்ட மண்ணில் இக்கிருமி பல மாதங்கள் உயிர்த்திருக்கும். குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசியும், பின்பு மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாகப் பதினாறாவது வாரம் வரையிலும் அடுத்தடுத்த ஊசிகளும் போட்டுவிட்டால் இந்தப் பயம் பெரிதும் நீங்கும். அவை முடியும் வரையில் குட்டியைப் பொதுத்தெருவில் இறக்காதிருப்பதே உத்தமம்.

சாணத்தைக் கிளறும் நாய்க்கு வேறொரு ஆபத்து, அதிலுள்ள வண்டினால் வருகிறது. ஸ்பைரோசெர்கா லூபி என்னும் செந்நிறப் புழுவின் முட்டை நாயின் மலத்தில் வெளிப்பட்டு, அதைத் தின்னும் சாணிவண்டின் வயிற்றில் இளம்புழுவாகிக் காத்திருக்கிறது. அந்த வண்டையோ, வண்டைத் தின்ற பல்லி, ஓணான், கோழி முதலியவற்றின் குடலையோ நாய் தின்னுமானால், புழு இரைப்பையின் சுவரைத் துளைத்து, ரத்தக்குழாய்களின் சுவர் வழியாகவே ஊர்ந்து, இதயத்திலிருந்து புறப்படும் மகாதமனியை அடைந்து, அங்கே ஏறக்குறைய மூன்று மாதம் வளர்ந்த பிறகு உணவுக்குழாய்க்குக் குடிபெயர்ந்து கட்டியாகத் தங்குகிறது. தின்றதைக் கக்குவதும், விழுங்க முடியாமல் தவிப்பதும், நாளுக்கு நாள் இளைப்பதும் இதன் குறிகள். சில நாய்களில் அக்கட்டியே புற்றுநோயாக மாறுவதும் உண்டு. வெப்பப் பிரதேசமான நம் நாட்டில் இப்புழு அரிதன்று. காலத்தில் கண்டறிந்தால் மருந்துக்குக் கட்டுப்படும்.

நாய்க்கு அதிகத் தீங்கு செய்யாமல், அதை வளர்ப்பவரையே தாக்கும் புழுவும் ஒன்று உண்டு. ஆட்டுத்தொட்டிகளிலும் இறைச்சிக்கடைகளின் பின்புறத்திலும், நீர்க்கட்டி கண்ட ஈரலையும் நுரையீரலையும் விற்க முடியாதென்று ஒதுக்கி, காத்திருக்கும் நாய்களுக்கு எறிவது வழக்கமாக உள்ளது. அக்கட்டிகளில் எக்கினோகாக்கஸ் என்னும் நாடாப்புழுவின் இளம்பருவங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கக்கூடும். ஓர் அரிசிமணி நீளங்கூட வளராத அப்புழு நாயின் குடலில் வாழ்ந்து முட்டையிட, அம்முட்டை நாயின் ரோமத்திலும் மலத்திலும் ஒட்டியிருந்து, அதைத் தடவிய கையோடு உண்ணும் மனிதனின் வயிற்றுக்குள் புகுந்து, அவன் ஈரலில் வருஷக்கணக்கில் நீர்க்கட்டியாக வளர்கிறது. பச்சைக் குடலும் ஈரலும் நாய்க்குக் கிட்டாமல் செய்வதும், வைத்தியர் சொல்லும் இடைவெளியில் பிரசிகுவாண்டல் மருந்து கொடுப்பதும், நாயைத் தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவுவதும் இதற்குப் போதிய காப்பு.

இனி, பார்வைக்குச் சுத்தமாயிருந்து உயிரைக் குடிப்பவற்றைக் கவனிப்போம். இப்பிரதேசம் மல்லாட்டைக்குப் பேர்பெற்றது. திண்டிவனத்திலுள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் பெயரைத் தாங்கிய டி.எம்.வி. 2 என்னும் ரகம் 1940-இல் வெளியானது. அது குடியானவர்களிடையே அடைந்த பிரசித்தி பெரிது. ஆடிப்பட்டத்தில் விதைத்த மானாவாரிப் பயிரைப் பிடுங்கிக் காயவைக்கும் தருணமும் ஐப்பசி மழை தொடங்கும் தருணமும் நெருங்கி வருவதால், ஈரம் உலராத காய்களில் பூஞ்சணம் பிடிக்கிறது. அப்பூஞ்சணங்களுள் ஆஸ்பர்ஜில்லஸ் பிளேவஸ் என்பது அஃப்ளடாக்ஸின் என்ற விஷத்தைச் சுரப்பது. மார்க்கெட் கமிட்டிகளிலும் மண்டிகளிலும் செக்குகளின் அருகிலும் கழித்துக் கொட்டிய சொத்தைப்பருப்பையும், ஈரங்கண்டு கட்டிபிடித்த பிண்ணாக்கையும், எண்ணெய் வாசனையால் ஈர்க்கப்பட்ட நாய் ஆவலுடன் தின்கிறது. சமையலின் சூட்டினாலும் எளிதில் அழியாத இவ்விஷம் ஈரலைத் தாக்குவது. பசியின்மை, வாந்தி, சோர்வு, கண்வெள்ளையும் ஈறும் மஞ்சளாதல், மலம் கறுத்துப் போதல் ஆகிய குறிகள் சில சமயம் வாரக்கணக்கில் தாமதித்தே தோன்றுமாதலால், நோயின் மூலம் இன்னதென்று வீட்டார் ஊகிப்பதே அரிதாகிறது.

இவ்விஷம் கண்டுபிடிக்கப்பட்ட சரித்திரமும் மல்லாட்டையோடு பிணைந்ததே. 1960-இல் இங்கிலாந்தில் ஏறக்குறைய ஒரு லட்சம் வான்கோழிகள் காரணம் விளங்காமல் மாண்டபோது, பிரேசிலிலிருந்து வந்த நிலக்கடலைப் பிண்ணாக்கே அதன் மூலம் என்பது ஆராய்ச்சியில் தெளிவாயிற்று. நம் நாட்டில் 1974-இல், ராஜஸ்தானத்துப் பான்ஸ்வாராவிலும் குஜராத்தின் பஞ்சமஹாலிலும், மழையில் நனைந்து பூஞ்சணம் பூத்த மக்காச்சோளத்தை உண்ட ஏழைக் குடும்பங்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் ஈரல் நோயால் இறந்தனர். அவர்கள் உணவில் பங்குபெற்ற நாய்களும் அதே குறிகளோடு மாண்டன. நாயின் வயிற்றைக் கெடுப்பது மனிதனின் வயிற்றையும் கெடுக்கும் என்பதற்கு இதைவிடத் துயரமான சான்று வேண்டியதில்லை.

ஆமணக்குப் பிண்ணாக்கு மற்றொன்று. எண்ணெயில் இறங்காமல் பிண்ணாக்கிலேயே தங்கிவிடும் ரிசின் என்ற புரதம் கொடிய விஷம். போதிய வெப்பத்தில் பதப்படுத்தாத பிண்ணாக்கில் அது வீரியத்தோடு இருக்கும். வீட்டுத்தோட்டத்திலும் மாடித்தோட்டத்திலும் எருவாக இட்ட இதைத் தின்ற நாய்க்குச் சில மணி நேரத்திலிருந்து இரண்டு நாளுக்குள் வாந்தியும் ரத்தபேதியும் காணும். இதற்கு நேரான மாற்றுமருந்து இல்லை. எருவை மண்ணோடு நன்கு கலந்து மூடுவதும், மூட்டையை எட்டாத இடத்தில் வைப்பதுமே வழி.

யாவற்றினும் கொடியது எலிமருந்து. நெல்வயல்களில் எலியை ஒழிக்க ஜிங்க் பாஸ்பைடு என்ற கரும்பொடியை எண்ணெய் தடவிய அரிசியிலோ பொரியிலோ கலந்து வைப்பார்கள். இரைப்பையின் அமிலம் பட்டதும் அது பாஸ்பீன் என்ற விஷவாயுவாக மாறி, கால் மணி முதல் சில மணி நேரத்துக்குள் வேலையைக் காட்டிவிடும். வாந்தியில் பூண்டு வாடையோ அழுகிய மீன் வாடையோ வீசும். அவ்வாயு அருகில் நிற்பவருக்கும் தீங்கு செய்யும் என்பதால் நாயைக் காற்றோட்டமான வெளியில் வைத்தே கவனிக்க வேண்டும். அப்போது சோறோ பாலோ ஊட்டினால் அமிலம் பெருகி விஷம் விரைவுபடும். கடைகளில் கேக் வடிவில் விற்கும் புரோமடையலோன் போன்றவை வேறு வகை. வைட்டமின் கே-யின் செயலைத் தடுத்து ரத்தம் உறையாமல் செய்பவை. இவற்றைத் தின்ற நாய் மூன்று நான்கு நாள் வரையில் சுகமாகவே தோன்றி, பிறகு திடீரென ஈறு வெளுத்து, மூச்சு வாங்கி, உள்ளே ரத்தம் கசிந்து சாயும். தின்றது தெரிந்தவுடனேயே வைத்தியரிடம் சென்றால், வைட்டமின் கே-1 மருந்தைச் சில வாரம் தொடர்ந்து கொடுத்து நாயைக் காப்பாற்ற இயலும். பயிருக்கு அடிக்கும் பூச்சிமருந்து வகைகளில் பல, எச்சில் ஒழுகலும் நடுக்கமும் வலிப்பும் உண்டாக்குவன. இவற்றுள் பலவற்றுக்கு வைத்தியரிடம் அட்ரோபின் ஊசி உண்டு.

விஷமில்லாமலே கொல்பவையும் உள. விக்கிரவாண்டிச் சுங்கச்சாவடியை ஒட்டியும் பேருந்து நிலையங்களைச் சுற்றியும் உணவுக்கடைகளின் பின்னால் குவியும் வெந்த கோழியெலும்பு ஊசிபோல் பிளந்து குடலைக் குத்தும்; மாங்கொட்டையும் மணி உதிர்ந்த மக்காச்சோளக் கட்டையும் குடலில் சிக்கி, அறுவைச் சிகிச்சையன்றி வெளிவாரா; குழம்பு மணக்கும் பிளாஸ்டிக் பையும் அப்படியே.

ஆபத்து நேர்ந்தபோது செய்யத்தக்கவை சிலவே. உப்புக்கரைசலையோ எண்ணெயையோ புகட்டி வாந்தி எடுக்கச் செய்யும் பழைய முறையைக் கைவிட வேண்டும்; மிகுந்த உப்பே நாய்க்கு விஷம், புகட்டியது நுரையீரலில் புகுந்தாலோ அதுவும் மரண அபாயம். தின்ற பொருளின் மிச்சத்தையும், மருந்தின் அட்டையையும், வாந்தியையும் ஒரு பையில் எடுத்துக்கொண்டு, தின்ற நேரத்தைக் குறித்துக்கொண்டு, உடனே கால்நடை மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். முதல் இரண்டு மணி நேரத்தில் செய்யும் சிகிச்சைக்கு ஈடு வேறில்லை. பெரிய சிகிச்சை தேவைப்பட்டால், விழுப்புரத்தார்க்குப் புதுச்சேரியில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிலையமும், திண்டிவனத்தார்க்கு 1903-இல் தொடங்கப்பட்டுச் சென்னை வேப்பேரியில் நடந்துவரும் கால்நடை மருத்துவக் கல்லூரியும் உள்ளன.

வருமுன் காப்பது இன்னும் எளிது. உலவப் புறப்படுமுன் சிறிது ஆகாரம் கொடுப்பது, குறுகிய கயிற்றில் நடத்துவது, மண்டி வாசலையும் இறைச்சிக்கடையையும் வயல்வரப்பையும் தவிர்ப்பது, குட்டிப் பருவத்திலேயே “விடு” என்றால் வாயிலிருப்பதை விட்டுவிட்டு அதனினும் சுவையான ஒன்றைக் கையிலிருந்து பெறப் பழக்குவது ஆகியவை போதும். துரத்திப் பிடுங்க முயன்றால் நாய் அவசரமாக விழுங்கிவிடும். அடங்காத நாய்க்குக் காற்றும் தண்ணீரும் தாராளமாகச் செல்லும்படி பின்னிய வாய்க்கூடை அணிவிப்பதில் கொடுமை ஏதுமில்லை. மண்ணையும் சாணத்தையும் புதிதாகத் தின்னத் தொடங்கிய நாய்க்குப் புழுவோ ரத்தசோகையோ ஜீரணக்கோளாறோ இருக்கக்கூடுமாதலால், வைத்தியரிடம் மலப்பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

நாயை வளர்ப்பவர் மாத்திரம் கவனமாயிருந்து பயனில்லை. வளர்ப்பவர் இல்லாத தெருநாய்களும் இதே பண்டங்களைத்தான் தின்கின்றன. மண்டிக்காரர் பூஞ்சணம் பிடித்த பருப்பைத் திறந்தவெளியில் கொட்டாமல் ஆழப் புதைப்பாராக; குடியானவர் எலிமருந்தை வளைக்குள் வைத்து வாயை மண்ணால் அடைத்து, மறுநாள் செத்த எலிகளைப் பொறுக்கிப் புதைப்பாராக; இறைச்சிக்கடைக்காரர் கட்டி கண்ட ஈரலை நாய்க்கு எறியாதிருப்பாராக. சாணத்தைத் தின்ற நாயை அடிக்கக் கையோங்குபவர், அந்தக் கையினாலேயே அது பொறுக்கவிருக்கும் பொரியைத் தட்டிவிடட்டும். நாயின் உயிர் காப்பாற்றப்படுவது அதனால்தான்.